பலர்க்கு ஒரு பணியாள்

சென்ற பொங்கல் விடுமுறையில் நெல்லிக்குப்பத்தில் உள்ள நம் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். கல்லூரியில் நம்மிடம் பொதுத்தமிழ் பயின்றவர். பின்னர் உணவக மேலாண்மையில் பட்டயம் பெற்று, பெருநகரக் கிளப் ஒன்றில் மேலாளராகப் பணியாற்றியவர். 'பணியாற்றியவர்' என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதனை இறுதியில் சொல்வோம். உரையாடலின் நடுவே அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

"ஐயா, நான் பார்த்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?"

"மேலாளர்" என்றோம்.

"அது வங்கிக்கும் பொருந்தும், திரையரங்குக்கும் பொருந்தும், ஐயா. அங்கெல்லாம் முதலாளி ஒருவர் இருப்பார், வாடிக்கையாளர் வேறாக இருப்பார். எங்கள் இடத்தில் வந்து உட்காருபவர் ஒவ்வொருவரும் முதலாளி. அதற்கென்று ஒரு சொல் இருக்கிறதா?"

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தேடிச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். சொல்லைத் தேடப் போன இடத்தில் ஒரு வரலாறே கிடைத்தது. பலருக்குப் பொதுவான உடைமையைக் கூலிக்குக் காப்பவன் என்ன கற்றிருக்க வேண்டும், அவனுக்கு யார் கற்பித்தார்கள் என்பதே அவ்வரலாறு.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'கிளப்' என்ற சொல் தமிழர் நாவில் ஏறியபோது அதன் பொருள் சற்றே புரண்டது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் ஊர்களில் 'காப்பி கிளப்' என்று பலகை மாட்டியவை உறுப்பினர் மன்றங்கள் அல்ல. காசு கொடுத்தவர்க்குக் காப்பியும் இட்டிலியும் தந்த கடைகள். பெரியவர்கள் சிலர் சிற்றுண்டிச் சாலையை இன்னும் 'கிளப்புக் கடை' என்று சொல்லக் கேட்கலாம். பெயரை வாங்கிக்கொண்ட தமிழர், சந்தாவையும் உறுப்பினர் பட்டியலையும் வாசலிலேயே விட்டுவிட்டனர்.

பழந்தமிழிலோ பொதுவிடத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மன்றம், பொதியில், அம்பலம், அவை, கழகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். புகார் நகரத்து ஐவகை மன்றங்களைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. வள்ளுவர் சூதாடுமிடத்தைக் 'கழகம்' என்றார். இன்று அச்சொல் கட்சிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாகிவிட்டது. ஆங்கிலேயர் கிளப்பின் சீட்டாட்ட அறையை வள்ளுவர் காண நேர்ந்திருந்தால் அவர்க்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு இருந்திராது. நம் காலத்தில் மதுவிற்கு உரிமம் பெற்ற சங்கங்கள் 'மனமகிழ் மன்றம்' என்று பெயர் சூட்டிக்கொள்கின்றன. இத்தனை சொற்களும் இடத்தைக் குறிப்பன, அல்லது அங்கே கூடுவோரைக் குறிப்பன. அவ்விடத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, வரவு செலவு எழுதி வைத்தவனைக் குறிக்கும் சொல் எங்கே?

அவன் உத்தரமேரூரில் இருக்கிறான்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முப்பது குடும்புகள், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன, உறுப்பினராவதற்கு வயதும் நிலமும் மனையும் கல்வியும் தகுதிகள். அது பிராமணர்க்கு உரிய ஊர் என்பதையும், நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமிருக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. குடிகள் அனைவரின் ஆட்சி அன்று அது. தகுதி பெற்ற உறுப்பினர்கள் தம் பொதுச் சொத்தைத் தாமே ஆண்ட முறை. அவ்வகையில், ஊராட்சி மன்றத்தைவிட உறுப்பினர் மன்றத்துக்கே அது நெருங்கியது எனலாம்.

தேர்தல் முறையை வியப்போர் பெரும்பாலும் கடந்து செல்லும் ஒருவர் அக்கல்வெட்டில் உள்ளார். அவர் 'மத்தியஸ்தர்'. வாரியப் பெருமக்களுள் ஒருவர் அல்லர், சபையின் அலுவலர். குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை இவர்தாம் வாங்கவேண்டும். எப்படி வாங்கவேண்டும் என்பதையும் கல்வெட்டு விதிக்கிறது: ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்க இடமில்லை. பிறகு பெயரை உரக்கப் படிக்கவேண்டும்.

கணக்கு எழுதுவோர்க்கும் விதி உண்டு. நேர்மையான வழியில் பொருளீட்டியவரே கணக்கு எழுதலாம். எழுதியவர் தம் காலத்துக் கணக்கைச் சபையின் பெருமக்கள் முன் ஒப்புவித்து, தூயவர் என்று அவர்களால் ஏற்கப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரோ தாம் மட்டுமன்றி உறவினரும் தகுதியிழப்பர். ஆக, ஆள்வோர்க்கும் பணியாளர்க்கும் ஒரே கல்லில் விதி எழுதப்பட்டது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு ஒன்பது நூற்றாண்டுகளைக் கடப்போம்.

நம் நெல்லிக்குப்பத்திற்கு வெளியூரில் அடையாளம் சொல்ல வேண்டுமாயின் சர்க்கரை ஆலையைத்தான் சொல்ல வேண்டும். 1788ஆம் ஆண்டில் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் நிறுவனம், 1840களில் கடலூர் வட்டாரத்தில் சர்க்கரைத் தொழிலில் இறங்கியது. பாரி அதனைக் காண இருக்கவில்லை. 1824இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதியால் இறந்து கடலூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இத்தகைய வணிக நிறுவனங்களின் துரைமார்களும் கம்பெனியின் அதிகாரிகளும் மாலைப்பொழுதைக் கழிக்கக் கண்ட இடமே கிளப். கல்கத்தாவில் வங்காள கிளப் 1827இலும், சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832இலும், உதகையில் ஊட்டகமண்ட் கிளப் 1841இலும் தோன்றின. மெட்ராஸ் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது; நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அக்கதவு திறந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் ஒருங்கே அமரவென்று காஸ்மாபாலிடன் கிளப் 1873இல் சென்னையில் நிறுவப்பட்டது.

இந்தியர் உறுப்பினராக முடியாத கிளப்பிலும் இந்தியர் இருந்தனர். வாயிலில், அடுக்களையில், பில்லியர்ட்ஸ் மேசையருகில் இருந்தனர். பட்லர், பேரர், மார்க்கர், மசால்ஜி என்பன அவர்தம் பெயர்கள். பில்லியர்ட்ஸ் வகையான ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் உதகை கிளப்பில் உருப்பெற்றன என்பதையும், அவற்றை வகுத்த படை அதிகாரி நெவில் சேம்பர்லின் என்பதையும் விளையாட்டு வரலாறு குறித்து வைத்துள்ளது. அம்மேசையருகே நின்று புள்ளிகளை எண்ணிய மார்க்கரை அது குறித்து வைக்கவில்லை.

கிளப்பின் தலைமையில் செயலாளர் என்றொருவர் இருப்பார், அவர் ஐரோப்பியர். அன்றாடம் அதனை நடத்தியவர் தலைமைப் பட்லர். உறுப்பினர் அங்கே பணம் கொடுப்பதில்லை. சீட்டில் கையொப்பமிடுவார், மாத முடிவில் கணக்கு வரும். யார் எந்தச் சீட்டில் ஒப்பமிட்டார், யார் ஒப்பமிடாமலே எழுந்து போனார், யாருக்கு இரண்டாம் கோப்பைக்குமேல் ஊற்றலாகாது என்பதையெல்லாம் பட்லர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் மாணவரின் பாட்டனாரே நீலகிரிப் பக்கத்துக் கிளப் ஒன்றில் அவ்வாறு இருந்தவராம். ஆங்கில எழுத்து அறியாதவர். ஒவ்வோர் உறுப்பினரின் கையொப்பத்தையும் படமாக மனத்தில் பதித்து வைத்திருப்பாராம். இது கல்வியா, அன்றா?

இதற்கு விடை தேடும்போது ஒரு நூல் நம் கண்முன் வருகிறது. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் 1878இல் சென்னையிலேயே வெளிவந்தது. அதில் சென்னைச் சமையற்காரர் அனைவர்க்கும் ஒரே பெயர்: இராமசாமி. அவருடைய கைத்திறனை நூலாசிரியர் மதித்தே எழுதுகிறார், கடிந்தும் எழுதுகிறார். படையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற அவர் 1890களில் இலண்டனில் சமையற்பள்ளி ஒன்று தொடங்கினார். சென்னை அடுக்களையில் கண்டதும் கற்றதும் கர்னலுக்குப் பள்ளி நடத்தும் தகுதியாயிற்று. அதே அடுக்களையில் வாழ்நாள் முழுதும் நின்ற இராமசாமிக்கு ஒரு சான்றிதழும் வரவில்லை. தனிப் பெயர்கூட வரவில்லை. அறிவு இருந்தது இருவரிடத்தும். கல்வி என்று பெயர் பெற்றது ஒருவரிடத்தில் மட்டும்.

மேலை நாடுகளிலும் இப்பணி முறையான கல்வியாவதற்குக் காலம் பிடித்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ஹென்றி சாலி என்ற பாதிரியார், உழைப்பாளர் கிளப்புகளின் ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். மதுக்கடைக்கு மாற்றாகவே அவர் கிளப்பைக் கருதினார். ஆனால் உறுப்பினர்கள் பீர் வேண்டுமென்றனர், நாளடைவில் பீரும் வந்தது. பீர் வந்ததும் கணக்கும் உரிமமும் வந்தன. ஆலைத் தொழிலாளி ஒருவர் மாலையில் கிளப்பின் செயலாளராக அமர்ந்து சட்டமும் பேரேடும் பார்க்க வேண்டியதாயிற்று. எனவே அவ்வொன்றியம் கிளப் நிருவாகத்தில் பாடங்களும் பட்டயமும் ஏற்படுத்தியது. அமெரிக்காவில் கிளப் மேலாளர்கள் 1927இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். பல்கலைக்கழகங்களின் துணையுடன் குறுகிய காலப் பயிற்சிகளும், தேர்வெழுதிப் பெறும் சான்றுப் பட்டமும் பின்னர் வளர்ந்தன. உணவு, மதுவகை, கணக்கு, சட்டம், கட்டடப் பராமரிப்பு, பணியாளர் நலம் ஆகியவற்றோடு, நிருவாகக் குழுவோடு பணியாற்றும் முறையும் அங்கே பாடமாயிற்று. இந்தக் கடைசிப் பாடந்தான் நம் கருத்துக்கு உரியது.

இந்தியாவில் உணவக மேலாண்மைக் கல்வி 1954இல் பம்பாயில் வேர்கொண்டது. 1960களில் சென்னைக்கும் வந்தது. 1982இல் அதற்கென ஒரு தேசியக் குழுமம் அமைந்தது. நம் கிளப்புகளின் மேலாளர் பலர் இக்கல்வியிலிருந்து வந்தவர்களே. படையிலிருந்து ஓய்வு பெற்று வருவோரும் உளர். உணவகக் கல்வி விருந்தினரை எவ்வாறு பேணுவது என்று சொல்லித் தருகிறது. விருந்தினர் வருவார், உண்பார், போய்விடுவார். கிளப் உறுப்பினர் போகமாட்டார். இன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று முறையிட்டவர் நாளை நிருவாகக் குழுவில் அமர்ந்து மேலாளரின் சம்பள உயர்வைப் பேசுவார். உணவகத்தில் முதலாளி ஒருவர், விருந்தினர் பலர். கிளப்பில் அவ்விருவரும் ஒருவரே.

இதனை நீதிமன்றமும் கண்டுரைத்தது. அன்னி பெசண்ட் அம்மையார் 1914இல் சென்னையில் தோற்றுவித்த இளைஞர் இந்திய சங்கத்தின்மீது, உறுப்பினர்க்கு வழங்கிய சிற்றுண்டிக்கு விற்பனை வரி கேட்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1970இல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: உறுப்பினர் மன்றத்தில் பொருள் உறுப்பினர் அனைவர்க்கும் உரியது, தம் பொருளைத் தாமே உண்பது விற்பனை ஆகாது, மன்றம் அவர்தம் முகவராக நின்று எடுத்துக் கொடுக்கிறது. 1982இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. அதன் பின்னரும் அக்கோட்பாடு வாழ்கிறது என்று 2019இல் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மொழிந்தது. 2021இல் சரக்கு சேவை வரிச் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது; அத்திருத்தமும் நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டது. வரி வாதங்கள் எப்படியாயினும் நமக்கு வேண்டிய உண்மை ஒன்று கிடைத்தது. கிளப்பின் மேலாளர் எதனையும் விற்பதில்லை. சரக்கறையின் ஒவ்வொரு புட்டியும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரியது. எந்த ஓர் உறுப்பினருக்கும் தனியே உரியதன்று. ஒருவர் தமக்கு வேண்டியதைக் கேட்கும்போது, அங்கே இல்லாத மற்றவர் அனைவருடைய சார்பிலும் நிற்பவர் மேலாளர் ஒருவரே.

அங்ஙனம் நிற்பதற்கு அவருக்கு என்ன பிடிமானம்? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய கூட்டுறவுச் சங்கங்களும் உறுப்பினர் உடைமைகளே. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அவ்வாண்டிலேயே எழுந்தது. அச்சங்கங்களின் ஊதியச் செயலாளர்க்கும் எழுத்தர்க்கும் பயிற்சி வேண்டும் என்பதை அவ்வியக்கம் உணர்ந்தது. இன்று கூட்டுறவுச் சங்கப் பணிக்குக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் கேட்கிறார்கள். சட்டம், கணக்கு, தணிக்கை அனைத்தும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. நம் வட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் அதனைப் பயின்று பணியிலும் உள்ளனர். மனமகிழ் மன்றங்களோ 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகின்றன. அச்சட்டம் குழுவையும் பொதுக்கூட்டத்தையும் கணக்கையும் பற்றிப் பேசும். மேலாளர் என்ன கற்றிருக்க வேண்டும் என்று பேசாது. கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் அளப்பவருக்குக் கிடைத்த கல்வி, மன்றத்தின் இலட்சக்கணக்கான உருபாய்ச் சரக்கைக் காப்பவருக்குத் தமிழில் கிடைக்கவில்லை.

இனி நம் மாணவர் பணியை விட்ட கதைக்கு வருவோம். அவர் பணியாற்றிய கிளப்பில் ஆண்டு முடிவில் சரக்கிருப்புக் குறைந்தது. குழுவினர் சிலர் தம் நண்பர்களை உபசரித்த சீட்டுகள் ஒப்பமின்றிக் கிடந்தன. அவற்றை 'உடைந்த புட்டிகள்' என்று எழுதிவிடச் சொன்னார்களாம். இவர் மறுத்தார். துணைவிதியை எடுத்துக் காட்டினார். பொதுக்கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அடுத்த மாதம் அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். குறைவுக்கு அவரே காரணம் என்ற பேச்சு மட்டும் அங்கே தங்கிவிட்டது.

"எனக்குச் சமைக்கவும் பரிமாறவும் மூன்று ஆண்டு சொல்லிக் கொடுத்தார்கள் ஐயா. முடியாது என்று சொல்ல ஒரு நாள்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை என் தாத்தாவிடம்தான் கற்றேன்" என்றார். இரண்டாம் கோப்பைக்குமேல் ஊற்ற மறுத்ததற்காக ஒரு துரையிடம் அறை வாங்கியவராம் அப்பெரியவர்.

மேலாளர்க்குக் கல்வி என்பதன் உட்பொருளை அவர் ஒரே தொடரில் சொல்லிவிட்டதாகவே நாம் கருதுகிறோம். முதலாளி ஒருவராயின் பணியாள் அவர் சொற்கேட்டு நடக்கலாம். முதலாளிகள் பலராயின், ஒருவர் சொல்லைக் கேட்பது மற்றவர்க்குச் செய்யும் வஞ்சனையாக முடியலாம். எப்போது கேட்பது, எப்போது மறுப்பது என்பதைக் கற்பதே இத்தொழிலின் கடினமான பாடம். அதற்கு அவர் தனிப்பட்ட துணிவு மட்டும் போதாது. பின்னால் நிற்க ஒரு விதியும், கணக்கைக் கேட்க ஓர் அவையும் வேண்டும். உத்தரமேரூர்ப் பெருமக்கள் கணக்கனை நம்பாமல் விதி எழுதினர் என்று நாம் பலகாலம் எண்ணியிருந்தோம். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. சபை கூடிக் கணக்கைக் கேட்டு 'இவர் தூயவர்' என்று சொல்லும் வழக்கம், கணக்கனுக்கு விலங்கு மட்டுமன்று, காப்புமாகும். அவ்வழக்கம் இருந்திருந்தால் நம் மாணவர்மீது அப்பழி தங்கியிருக்க வழியில்லை.

சில நாள் கழித்து அவரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் வேலைக்குச் சொல் கிடைத்தது" என்றோம். மத்தியஸ்தர் என்ற பெயரையும், ஐந்து விரலை விரித்து ஓலை வாங்கும் விதியையும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை.

"வடசொல்லாக இருக்கிறதே ஐயா" என்றார் பிறகு.

பொதுத்தமிழ் வகுப்பில் நாம் கற்பித்ததை நமக்கே திருப்பித் தந்துவிட்டார். நடுவர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றோம். கடலூரில் உள்ள சங்கம் ஒன்றில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், அதற்கெனக் கூட்டுறவுப் பட்டய வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். முப்பத்தாறு வயதில் மீண்டும் மாணவர்.

தத்தம் ஊர் மன்றங்களிலும் வாசகசாலைகளிலும் பல்லாண்டு பணியாற்றிய பட்லர்கள், காவலர், கணக்கர் ஆகியோரைப் பற்றி அன்பர்கள் அறிந்தவை இருப்பின் எழுதுக. தலைவர்களின் படங்கள் சுவர்களில் உள்ளன. மற்றவரைப் பற்றி நாம் எழுதினால்தான் உண்டு.